அப்பாகூட டூ

புதுக் கம்ப்யூட்டர் அந்தப் பழைய வைஃபை அடாப்டரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மகள் வாங்கி வந்தது என்பதால் அப்பா விடுவதாக இல்லை.

“புதுசா ஒண்ணு வாங்கித் தொலைங்களேன்,” என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

“கொஞ்சம் இரு, வந்துடும்.”

அதைத் தயாரித்த கம்பெனியையே இழுத்து மூடியாகிவிட்டது. முதுகில் பொடியாக அச்சடித்திருந்த மாடல் எண்ணை லென்ஸ் வைத்துப் படித்தார். யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் போட்டு வைத்திருந்த டிரைவர் மென்பொருளைக் கைபேசியில் இறக்கி, கம்ப்யூட்டரில் ஏற்றினார். பச்சை விளக்கு சிமிட்டியது. அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன. கடைசியில் ‘அப்பாகூட டூ’ என்றிருந்தது.

கோபம் வந்தால் மகள் பேசமாட்டாள். வீட்டு வைஃபையின் பெயரை அப்படி மாற்றிவைப்பாள். சமாதானமானால் ‘பழம்’ என்று மாற்றுவாள். வண்டிச் சாவியை அவர் பிடுங்கி வைத்ததற்காகக் கடைசியாக டூ விட்டாள். அன்றைக்குப் பஸ்ஸில் போனாள். அந்தப் பஸ் போய்ச் சேரவில்லை. அவள் பெயர் மாற்றிய ரவுட்டர் வயரில்லாமல் பரணில் கிடக்கிறது.

அப்பா திரைக்குக் கிட்டே குனிந்தார்.

“பழம்டா கண்ணு. அப்பா பழம் விட்டுட்டேன்.”

பெயர் ‘பழம்’ என்று மாறியது. பக்கத்தில் சிக்னல் கோடுகள் நான்கும் நிறைந்திருந்தன. பிறகு மூன்றாயின. யாரோ படியிறங்கிப் போவதுபோல இரண்டாயின, ஒன்றானது.

அப்பா இரண்டு கையாலும் திரையைப் பிடித்துக்கொண்டார்.

“இல்லம்மா, டூ,” என்றார். “டூ, டூ.”