ஏறாத ஆமைகள்

விளக்கு எரிந்தது, தண்ணீரும் வெதுவெதுப்பாக இருந்தது. ஆனாலும், புதிதாகத் தத்தெடுத்து வந்த இரண்டு ஆமைகளும் தொட்டியிலிருந்த கல்லின் மேல் ஏறவே இல்லை. வெளியே வந்து காயாவிட்டால் ஓடு அழுகிவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"வெளக்கு ரொம்ப சூடா கீதோ?" என்றாள் செலின்.

"கை வச்சுப் பாத்தேன். இதமாத்தான் கீது," என்றான் அவள் கணவன் மோசஸ்.

"அப்ப உன் மூஞ்சியப் பாத்துதான் பயப்படுதுங்க."

"நான் வேலைக்குப் போனப்புறம் மட்டும் ஏறுதா இன்னா?"

பெரிய ஆமை கல்லின் ஓரத்தில் முன்கால்களை வைத்தது. உடனே தண்ணீருக்குள் சரிந்தது. செலின் குனிந்து பார்த்தாள். கல்லில் அவள் முகம் தெரிந்தது.

"இத்த யாரு பாலிஷ் போட்டது?"

"நான்தான். சாமி சிலைக்குக்கூட இவ்ளோ போட்டதில்ல," என்றான் மாமல்லபுரத்துச் சிற்பியான மோசஸ், பெருமையாக.

"மழை பேஞ்ச அன்னிக்கு நம்ம வாசப்படியில வழுக்கி வுழுந்தது யாரு?"

"நீ."

"அந்தப் படிக்கு பாலிஷ் போட்டது யாரு?"

மோசஸ் கல்லைத் தூக்கிக் கவிழ்த்து வைத்தான். உளி கொத்திய சொரசொரப்பான அடிப்பக்கம் மேலே வந்தது. நகத்துக்குப் பிடி கிடைத்ததும், இரண்டு ஆமைகளும் ஏறி விளக்கின் கீழே படுத்துக்கொண்டன.