சுகாசினி மேடத்தின் சிரிப்பு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. ஆனால் இப்போது இல்லை. அதுவரை அஜித் திட்டு வாங்கட்டும்.

சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டிலிருந்தபடியே போனில் பட்டுப்புடவை விற்கும் கிருஷ்ணவேணிக்கு, புதிதாகக் கிடைத்த கஸ்டமர் சுகாசினி மேடம். தேன் குரல். வீடியோ காலில் முகம் மட்டும் காட்டமாட்டார். வீட்டில் கண்டிப்பாம்.

"மாம்பழ கலர் அழகு வேணிம்மா! உங்க பொண்ணு ஜீவிதா கட்டிக் காட்டட்டுமே. எட்டாவதுதானே? கூச்சப்படும். நீங்க யாரும் கூட வேணாம். போனை எடுத்துட்டு ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கட்டும்."

என்ன நாகரிகம்! கிருஷ்ணவேணி மகளிடம் போனை நீட்டினாள்.

குறுக்கே பாய்ந்து பிடுங்கினான் மகன் அஜித். ப்ளஸ் ஒன். ஊரில் ஒரு குரலையும் விட்டுவைக்காதவன். போன வாரம் டீச்சர் குரலில் அம்மாவுக்கே போன் போட்டு, நடுவில் தன் சிரிப்பு வந்து மாட்டிக்கொண்டவன்.

"ஓரிக்கை, ஓரிக்கை!" பஸ் கண்டக்டர் குரல். "படிக்கட்டுல நிக்காத மேடம், உள்ள வா! மூஞ்சி காட்டாதவங்களுக்கு டிக்கெட் கிடையாது!"

"டேய், குடுடா! கஸ்டமர் பூடுவாங்கடா!"

"விடுடா அண்ணா, மானம் போவுது" என்றாள் ஜீவிதா.

அஜித் விடவில்லை. இப்போது அம்மாவின் குரலே வந்தது. "சுத்தப் பட்டு மேடம்! கட்டினா உங்க நாத்தனாருக்கு வயிறு எரியும். எரியலைன்னா புடவையை ரிட்டன் எடுத்துக்கிறேன்!"

கிருஷ்ணவேணிக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. கை ஓங்கியவள் நின்றாள். தன் ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பவன், இன்று ஏன் சிரிக்கவே இல்லை? போனைக் காதோடு வைத்து எதற்காகக் காத்துக்கொண்டு இருக்கிறான்?

அஜித் மெதுவாக ஸ்பீக்கரைப் போட்டான்.

"ரிட்டன் வேணாம்னா, நாத்தனாரையே அனுப்புங்க மேடம். நான் எரிய வெக்கிறேன்!"

அப்போது வந்தது அந்தச் சிரிப்பு. அடித்தொண்டையிலிருந்து உருண்டு, அடக்கமுடியாமல் வெடித்த, மீசை வைத்த சிரிப்பு.

சட்டென்று நின்றது. ஒரு இருமல். மறுபடி தேன் குரல்.

"குறும்புக்காரப் பையன்! சரி, பாப்பா ரூமுக்குள்ள போயிடுச்சா வேணிம்மா?"

கிருஷ்ணவேணி மகளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். போனை வாங்கினாள்.

"மேடம்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள், மூச்சை இழுத்துவிட்டுக் கேட்டாள்:

"யார்றா நீ?"