ஜன்னல் தெரியணும்

"இன்னும் கொஞ்சம் கீழே இறக்கு. நான் என்ன வானத்தையா பாக்கப் போறேன்?" என்றாள் ரிம்மா.

நான் கேமராவை முன்கண்ணாடியிலிருந்து பிய்த்து, ரப்பர் வட்டில் எச்சில் தொட்டு, மறுபடி அழுத்தினேன்.

என் மனைவி ரிம்மா முப்பது வருடம், மேலே மின்கம்பியைப் பிடித்து ஓடும் டிராலிபஸ்ஸை ஓட்டியவள். மே மாதம் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அதிகாரம் மட்டும் அப்படியே இருக்கிறது. காரில் பக்கத்து இருக்கையில் தன்னைத் தூக்கி உட்காரவைத்தால்தான் ஆயிற்று என்று காலையிலிருந்து ஒரே பிடிவாதம். மடியில் தோட்டத்து ஆஸ்டர் பூக்கள் ஐந்து.

எங்கள் ஊரில் காருக்கு பிரேக் இருக்கிறதோ இல்லையோ, போகிற வழியெல்லாம் படம்பிடிக்கும் கேமரா கண்ணாடியில் இருக்கும். இடித்தவனும் இடிபட்டவனும் போலீஸ் வருவதற்குள் அவரவர் படத்தைக் காட்டிச் சண்டை போட அது வேண்டும். என் பழைய லாடா காரில் மட்டும்தான் இதுவரை இல்லை.

ரிம்மா அதை வரவழைத்தது சண்டைக்காக அல்ல.

"எழுபது கிலோமீட்டர் என்னால உட்கார முடியாது. நீ போய் வாசல்ல நிறுத்தினதும் கீரா ஜன்னலுக்கு வந்து நிப்பாள்ல? அந்த ஜன்னல் தெரியணும். நீ திரும்பி வந்ததும் படத்துல பாத்துக்கறேன், அது போதும் எனக்கு."

கீரா எங்கள் ஒரே மகள். முப்பத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்து பேச்சு கிடையாது, காப்பகத்தில் இருந்தாள். சனிக்கிழமைதோறும் எங்கள் கார் சத்தம் கேட்டதும் இரண்டாவது மாடி ஜன்னலுக்கு வந்து, உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

ரிம்மா மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்த அதே வாரம் கீராவுக்கு நிமோனியா. மூன்றே நாள். நானும் என் தம்பியும் காப்பகம் இருந்த ஊரிலேயே அவளைப் புதைத்தோம்.

இப்போது மனைவியிடம் சொன்னால் இன்னொரு குழி வெட்ட வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். சரி, கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்தேன். அவள் தேறிக்கொண்டுதான் வந்தாள். எனக்குத்தான் வாய் வரவில்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ரிம்மா மகளுக்கென்று ஐந்து பூ கொடுத்தனுப்புவாள். உயிரோடு இருப்பவர்களுக்கு நாங்கள் ஒற்றைப்படையில்தான் பூ கொடுப்போம். இரட்டைப்படை கல்லறைக்கு. நான் நான்கை மகளின் கல்லறையில் வைத்துவிட்டு, மீதி ஒன்றோடு காருக்குத் திரும்புவேன். அதை எறிய மனம் வராது. அதுவும் அவளுடைய பூதானே.

இன்றைக்கு ஒரு பொய் தயாராக வைத்திருந்தேன். கீராவைப் பின்பக்க அறைக்கு மாற்றிவிட்டார்கள், வாசலிலிருந்து ஜன்னல் தெரியாது என்று. கேவலமான பொய்தான். கொட்டகையில் நின்று பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன்.

"ஒயர் தொங்குது பாரு. இதுக்குள்ள தள்ளி விடறேன்" என்று ரிம்மா வலது கையை நீட்டினாள்.

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்துவிட்டாள்.

உள்ளே இந்தக் கோடை முழுவதும் காய்ந்து கிடந்தது. ஜூன் மாத டெய்சிகள், சுருங்கிப்போன டேலியாக்கள், மேலே போன வாரத்து ஆஸ்டர். எல்லாக் காம்புகளும் ஒற்றைக் கையால் கத்தரித்தது போலக் கோணலாக இருந்தன.

ரிம்மா ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். உதடு அசைந்தது. பதினான்கு. அவள் வீடு திரும்பிய பிறகு வந்துபோன சனிக்கிழமைகளும் பதினான்கு.

ஐந்தில் ஒன்று போனால் எத்தனை என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. கேமராவின் ரப்பரையே அழுத்திக்கொண்டிருந்தேன். அது எப்போதோ ஒட்டிக்கொண்டுவிட்டது.

காய்ந்த பூ ஒன்றும் நசுங்காமல் ஒயரை ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் பெட்டியைச் சாத்தினாள்.

"உட்காரு கிழவா. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சும்மா உட்காரணும்கிறதுகூட மறந்து போச்சா?"

உட்கார்ந்தேன். பயணத்துக்கு முன் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உட்காரும் அந்த ஒரு நிமிடம் எங்களுக்கு நீண்டுகொண்டே போனது. அவள் சத்தமில்லாமல் அழுதாள். நான் சத்தமாகவே அழுதேன். மே மாதத்திலிருந்து அடக்கி வைத்தது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள். அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தாள். அதில் எங்கள் வீட்டு வேலியும் வேலிக்கு வெளியே சாலையும் தெரிந்தன. நன்றாகத் தெரிகிறது என்று தலையசைத்தாள்.

மறுபடி பெட்டியைத் திறந்தாள். மடியிலிருந்த ஆஸ்டர்களில் ஒன்றை எடுத்து, காய்ந்த பூக்களின் மேல் அவளே வைத்தாள்.

மீதி நான்கை என் கையில் கொடுத்தாள்.

"ஜன்னல் வேண்டாம். அவ இருக்கிற இடத்துக்கு நேரா கொண்டுபோய் நிறுத்து. நிறுத்தினதும் கேமராவை அணைச்சிடாதே."