மரத்துப்போன கால்

முழங்கால் மூட்டு மாற்றும்போது கடைசியில் ஒரு சோதனை உண்டு. தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி உலோகம் பொருத்தியதும், குதிகாலைப் பிடித்துக் காலை மடக்கிப் பார்ப்பார்கள். தடையில்லாமல் மடங்கினால் அளவு சரி.

கண்டி ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர் சதீஸ்குமார் தன் கையால் பொருத்திய முதல் மூட்டு அது. பெரிய டாக்டர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முதுகில் போட்ட ஊசியால், மேசையில் படுத்திருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளி கலாராணிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. பேச்சு மட்டும் திரைக்கு அப்பாலிருந்து வந்தது.

"டாக்டர் தம்பி, மடுல்கெல்ல மலையில திரும்பக் கொழுந்தெடுக்க ஏறுவேனா?"

"மடக்கிப் பாத்துட்டுச் சொல்றேம்மா."

அவர் கை நீட்டுமுன் கால் தானாக மடங்கியது. முழுதாக மடங்கி, மெதுவாக நீண்டது.

"நீங்களா மடக்கினீங்க?" என்று பெரிய டாக்டர் அவளிடம் கேட்டார்.

"காலு எங்க இருக்குன்னே தெரியலங்க. வீட்ல மறந்து வச்சிட்டு வந்தாப்ல இருக்கு."

தொடையில் ஐஸ் வைத்துப் பார்த்தார்கள். அவளுக்குத் தெரியவில்லை. மூட்டு கச்சிதம் என்றார் பெரிய டாக்டர். சதீஸ்குமார் தைத்து முடித்தார்.

பச்சைத் துணிக்கு அடியில் இரண்டு பாதங்களும் மேட்டில் ஊன்றுவதுபோல மாறி மாறி அழுந்திக்கொண்டிருந்தன.

"என்ன தம்பி, சொல்லவே இல்லையே?"

சதீஸ்குமார் முகக்கவசத்தை இறக்கி நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"ஏறிக்கிட்டுத்தான் இருக்கீங்கம்மா."