அக்காவை அனுப்பிவைத்தவள்

கருப்பையின் உள்சுவரில், ஹார்மோன்களின் உத்தரவைக் கேட்டு நடக்கும் ஓர் ஏற்பி குடியிருந்தாள். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இடும் உத்தரவு மட்டும்தான் அவளுக்குப் புரியும். அது சொல்லச் சொல்ல, வரப்போகும் கருவுக்காகச் சுவரை மெத்தைபோல வளர்த்தாள். "ஒண்டியா முடியலை, ஒரு தங்கச்சி வேணும்" என்று இன்னோர் ஏற்பியை வரவழைத்ததும் அவள்தான்.

வந்த தங்கைக்குப் புரிவது புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனின் உத்தரவு மட்டும். பாதி மாதம் போனதும் அது வந்து சேர்ந்தது. தங்கைக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, நீ வளர்த்தது போதும். இனிமே நான் பாத்துக்கறேன். நீ கெளம்பு."

"எங்கேடி போவேன்? உன்னைக் கூப்பிட்டதே நான்தானே?"

"கூப்பிட்டா என்ன? அதுக்காக ரெண்டு பேரும் சேர்ந்து அதிகாரம் பண்ணமுடியுமா?"

அக்கா கரைந்துபோனாள்.

தங்கை மெத்தையைப் பதப்படுத்தினாள். கருவுக்கு ஊட்டம் சேர்த்துவைத்தாள். வாசலையே பார்த்துக் காத்திருந்தாள். கரு வரவேயில்லை. ஒருநாள் புரோஜெஸ்டிரோன் உத்தரவும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. சுவர் விரிசல் விட்டது. அடுத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா!" என்று கத்தினாள். அக்கா இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

சுவர் பெயர்ந்து, ரத்தத்தோடு அவளையும் இழுத்துக்கொண்டு போனது. போகிற போக்கில், பெயராமல் நின்ற அடிச்சுவரில் யாரோ புதிதாக விழித்தெழுந்து பேசுவது அவளுக்குக் கேட்டது. அக்காவின் அதே குரல்.

"ஒண்டியா முடியலை. ஒரு தங்கச்சி வேணும்."