மல்யுத்த வாத்தியாரின் காபி

“இது எத்தியோப்பியாக் கொட்டைண்ணே. வாயில வெச்சா முதல்ல ஆப்ரிகாட் வாசனை வரும். அப்புறம் மெதுவா மல்லிப்பூ வரும்” என்றாள் காபி போட்ட பெண்.

குபத் ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் காத்திருந்தார். புளிப்புதான் வந்தது.

நூற்றுப் பத்து கிலோ உடம்பு. கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரத்தில் பாதி மல்யுத்தப் பிள்ளைகளைத் தூக்கிப் போட்டுப் பழக்கிய கை. அந்தக் கைக்குள் முட்டை ஓடு மாதிரி ஒரு கோப்பை.

பிறந்ததிலிருந்து பால் டீயைத் தவிர எதையும் தொடாத மனிதர். இப்போது சனிக்கிழமை வந்தால் சட்டையைத் தேய்த்துப் போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு, காபிக்கடை காபிக்கடையாக ஏறி இறங்குகிறார். பெரிய கம்பெனிக் கடைகள் பக்கம் போவதில்லை. தாங்களே வறுத்து, தாங்களே அரைத்து, தராசில் வைத்து நிறுத்து ஊற்றுகிற சின்னக் கடைகள்தான்.

குடித்த அன்று தூக்கம் வராது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். ஆனாலும் அடுத்த வாரம் கிளம்பிவிடுவார்.

“ஏம்மா, இந்தப் பக்கம் வேற சின்னக் கடை இருக்கா? பொண்ணுங்க வேலை பார்க்கிற கடையா?”

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். “எதுக்குண்ணே?”

“சும்மாதான்.”

“சும்மாவா?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினார். மனைவி அனாரா. எந்தப் பயில்வானிடமும் முதுகு தரையில் படாத குபத், இந்தக் குரலுக்கு மட்டும் பாதி ஆளாகிவிடுவார்.

“ஓஷ் பஜாருக்குப் போறேன்னு சொல்லிட்டு, இங்க வந்து பொண்ணுங்க எங்க இருக்குன்னு விசாரிச்சிட்டு இருக்கீங்களா? உங்க வயசு ஆளுங்கல்லாம் முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சிட்டு உக்காந்திருக்காங்க!”

“கத்தாதே அனாரா. எல்லாரும் பார்க்கிறாங்க.”

“நல்லாப் பார்க்கட்டும்! ‘உன் வீட்டுக்காரர் கடை கடையா எட்டிப் பார்க்கிறாரு’ன்னு பக்கத்து வீட்டு சோனுன் சொன்னா. வயித்தெரிச்சல்ல பேசாதடின்னு திட்டி அனுப்பினேன். இப்ப அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

மடிக்கணினியில் மூழ்கியிருந்த இரண்டு பேர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“யாரு அவ? பேரைச் சொல்லுங்க.”

குபத் தலையைக் குனிந்துகொண்டார். “சொல்லக்கூடாதுன்னு நீதானே சொன்னே.”

“நானா? எப்ப சொன்னேன்?”

“போன வசந்தத்துல. இந்த வீட்டுல இனிமே அவ பேரை யாரும் எடுக்கக்கூடாதுன்னு.”



ஜிபெக். ஒரே மகள். பல் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவள், பாதியில் விட்டுவிட்டு, தோழியோடு சேர்ந்து காபிக்கடை போடப்போகிறேன் என்று வந்து நின்றாள். “கண்டவனுக்குக் காபி ஊத்தவா உன்னைப் படிக்க வெச்சேன்?” என்று அனாரா கத்தினாள். மனைவி கத்தும்போது சும்மா இருக்கக்கூடாதே என்று குபத்தும் கத்தினார். அன்றைக்கு ஒரு பையோடு வெளியே போனவள்தான்.

“ஊருக்குள்ள எங்கேயோ கடை போட்டிருக்கான்னு கேள்விப்பட்டேன். எதுன்னு தெரியல. அதான் ஒவ்வொண்ணா…”

“போன் பண்ண வேண்டியதுதானே?”

“பண்ணி? என்னன்னு ஆரம்பிக்கிறது? அந்தக் கத்து கத்தியிருக்கேன். நேர்ல போய் நின்னா, ஒரு காபி குடும்மான்னாவது வாயைத் திறக்கலாம்.”

காபி போட்ட பெண், துடைத்த கோப்பையையே மறுபடியும் துடைத்தாள்.

அனாரா முன்னைவிடச் சத்தமாக ஆரம்பித்தாள். “நல்லா இருக்குதுங்க நியாயம்! பெத்தவங்களைத் தூக்கிப் போட்டுட்டுப் போனவளைத் தேடிட்டு அலையிறீங்களே, ரோஷம் இருக்கா உங்களுக்கு? எழுந்திருங்க!”

எழுந்தார். வேறு வழி?

அனாரா முன்னால் நடந்தாள். பஸ் நிறுத்தம் இடது பக்கம். அவள் வலது பக்கம் திரும்பினாள். கோபத்தில் வழி மறந்துவிட்டாள் போல என்று நினைத்தாலும், சொல்லிக் காட்டும் தைரியம் குபத்துக்கு வரவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். “உங்களுக்கு இன்னும் அவ மேல கோவம்னு நினைச்சேன்.”

“எனக்கா?”

“அன்னிக்கு நீங்க போட்ட சத்தத்துல ஜன்னல் கண்ணாடி ஆடிச்சே.”

“அது உனக்குத் துணையா போட்ட சத்தம்.”

அனாரா நடையை எட்டிப் போட்டாள். பாப்ளர் மரங்கள் நிற்கிற ஒரு சந்துக்குள் நுழைந்து, ஒரு பழைய வீட்டின் கதவைத் தள்ளினாள். உள்ளே நாலைந்து மேசை. வறுத்த காபி மணம்.

மேடைக்குப் பின்னால் ஜிபெக். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கன்னத்தில் காபித்தூள்.

குபத் யோசித்து வைத்திருந்த ஒரே வாக்கியத்தை ஆரம்பித்தார். “ஒரு… ஒரு…” என்றார். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

ஜிபெக் ஓடி வந்து அந்த நூற்றுப் பத்து கிலோவையும் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அம்மாவிடம் சொன்னாள்:

“ஏம்மா இன்னிக்கு இவ்வளவு லேட்டு? உன் ஆப்பிள் கேக்குக்காக நாலு மேசையும் காத்துக் கிடக்குது. சீக்கிரம் ஏப்ரனை மாட்டிட்டு உள்ளே போ!”