ஒற்றை மைனாவும் ‘ஆர்’ என்ற சொல்லும்

ஆங்கில வகுப்பு நடக்கும் ஜன்னலுக்கு எதிரே ஒரு புங்கமரம். அதில் ஒரு மைனா தனியாகக் குடியிருந்தது. ஜன்னலுக்கு மேலே இருந்த பொந்தில் ஒரு கிளி. பாடத்தைக் கேட்டுக் கேட்டு இரண்டுக்கும் கொஞ்சம் ஆங்கிலம் வந்துவிட்டது.

விடிந்ததும் மைனா உற்சாகமாகப் பாடும்: “பேர்ட்ஸ் ஆர் சிங்கிங்!”

கிளிக்குப் பொறுக்காது. “தப்பு! ஒண்ணுக்கு மேல பறவைங்க பாடினாத்தான் ‘ஆர்’. நீ ஒருத்திதானே பாடுற? ‘எ பேர்ட் இஸ் சிங்கிங்’னு சொல்லு.”

“அப்படியும் சொல்லிப் பார்த்தேன். சொல்றப்பவே இந்த மரம் காலியாத் தெரியுது” என்றது மைனா.

“அதுக்காக இலக்கணத்தை மாத்த முடியுமா?”

மறுநாள் மைனா பாடவில்லை. அதற்கடுத்த நாளும் அலகைத் திறக்கவில்லை. கிளி பொந்தை விட்டுத் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தது. திருத்த ஒரு பிழைகூட இல்லாத காலைப்பொழுது அதற்குப் பிடிக்கவே இல்லை. கடைசியில் பறந்துபோய் மைனாவின் கிளையிலேயே உட்கார்ந்துகொண்டது.

“ம், இப்போ சொல்லு.”

“எதை?”

“உன் பழைய வாக்கியத்தைத்தான். இப்போ அதுல தப்பே இல்லை.”

மைனா ஒரு கணம் கிளியையே பார்த்தது. பிறகு சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு, “பேர்ட்ஸ் ஆர் சிங்கிங்!” என்று மரமே அதிரப் பாடியது. கிளியும் கூடவே தொண்டை கிழியக் கத்தியது.

மைனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இதுக்குப் பேரு பாட்டா?”

“அந்தக் கேள்வியெல்லாம் இலக்கணத்துல வராது” என்று சொல்லிவிட்டு, கிளி இன்னும் சத்தமாகக் கத்தியது.